பூக்கடைக்கும் விலாசம் வேண்டும்

(சிறு தொழில்களுக்கும் சங்கங்களுக்கும் இன்டர்நெட் வழியாக விளம்பரம் என்ற பொருளில், நிக்டி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அப்பளம், வடாம் இட்டு விற்பவர்கள், சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள், வைதீக காரியங்கள் செய்து வைக்கும் சாஸ்திரிகள், பாட்டு வாத்தியார்கள், கூடவே நம்முடையது போன்ற சங்கங்கள், இவர்களுக்கெல்லாம் ப்ரயோஜனப்படும்படி இன்டர்நெட் விளம்பரம் பற்றிப் பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். கூடுமானவரை கம்ப்யூட்டர் பாஷையைத் தவிர்த்துப் பேசுகிறேன். புரியாத இடத்தில் கையைத் தூக்கினால் நிறுத்தி விளக்குகிறேன்.

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது வழக்கம். சரக்கு நன்றாக இருந்தால் வாசனையே ஆளைக் கூட்டி வந்துவிடும் என்பது அதன் தாத்பர்யம். ஒரு காலத்தில் இது நிக்டிக்கு முழுக்கப் பொருந்தியது. 1954இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. அதன் பிறகு ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோ, பிம்ப்ரியில் டெல்கோ, போஸரியில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் என்று தொழிற்சாலைகள் பெருகின. 1972இல் பிம்ப்ரி சிஞ்ச்வட் நியூ டவுன் டெவலப்மென்ட் அதாரிட்டி ஏற்பட்டு, ப்ராதிகரணில் செக்டர் செக்டராக வீடுகள் எழும்பின. வேலைக்கு வந்த நம்மவர்கள் நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தார்கள். யாராத்தில் நல்ல அப்பளம் கிடைக்கும், யார் ச்ராத்தத்துக்குப் பாங்காகச் சமைப்பார்கள் என்பதெல்லாம் கோயில் பிராகாரத்திலும் ஃபாக்டரி பஸ்ஸிலும் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும்.

இன்று நிலைமை வேறு. நம் குழந்தைகள் ஹிஞ்ஜவடியில் வேலை பார்க்கிறார்கள். வாகட், ராவேத், தாத்தவடே என்று அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் புதிதாக மாற்றலாகி வருகிறவர்களும் உண்டு. ப்ராதிகரணில் ஒரு மாமி 30 வருஷமாகச் சமைத்துப் போடுகிறார் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. வீட்டில் சீமந்தம் என்றால் செல்போனை எடுத்துத் தட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் மேப்போடு 3 பெயர்கள் முதலில் தெரியும். அந்த மூன்றில் ஒன்றைக் கூப்பிடுகிறார்கள். மாமியின் பெயர் அதில் இல்லை.

இதன் பலன் என்ன? கைப்பக்குவம் இருப்பவர் வீட்டில் ஃபோன் அடிப்பதில்லை. ஃபோனில் சாமர்த்தியம் இருக்கும் ஒருவர் ஆர்டரை வாங்கிக்கொண்டு, அதே மாமியைக் கூப்பிட்டு, பாதி விலைக்குச் செய்து தரச் சொல்கிறார். அடுப்பின் முன்னால் வேகிறவருக்கு ஒரு பங்கு, நடுவில் நிற்பவருக்கு ஒரு பங்கு. நம் சமூகத்தில் பென்ஷன் இல்லாமல், இந்தச் சமையலையும் வைதீகத்தையும் சங்கீத ட்யூஷனையும் நம்பியே ஜீவனம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இன்று பேசுவது முக்கியமாக அவர்களுக்காக. பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாமோ என்னவோ, விலாசம் அவசியம் வேண்டும்.

தேடுகிற மனுஷர் 3 கேள்விகளோடு வருகிறார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? என்ன தருகிறீர்கள், என்ன விலைக்கு? உங்களை நம்பலாமா? இந்த மூன்றுக்கும் பதில் அவர் கையில் இருக்கும் செல்போனில் கிடைத்துவிட்டால் விளம்பர வேலையில் முக்கால்வாசி முடிந்தது. இதற்கு ஏஜென்சியும் வேண்டாம், ஆயிரக்கணக்கில் செலவும் வேண்டாம்.

முதலில் விலாசம். கூகுள் மேப்பில் உங்கள் தொழிலின் பெயரைச் சேர்ப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கூகுள் பிஸினஸ் ப்ரொஃபைல் என்று அதற்குப் பெயர். முன்பு கூகுள் மை பிஸினஸ் என்று இருந்ததை 2021இல் பெயர் மாற்றினார்கள். பெயர், தொழில் வகை, ஃபோன் நம்பர், வேலை நேரம் கொடுக்க வேண்டும். நீங்கள்தான் உரிமையாளர் என்பதைச் சரிபார்ப்பார்கள். இப்போது அநேகமாக வேலை நடக்கும் இடத்தையும் சாமான்களையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்மணிகள், "வீட்டு விலாசம் ஊருக்கெல்லாம் தெரியுமே" என்று பயப்பட வேண்டியதில்லை. விலாசத்தை மறைத்துவிட்டு, நிக்டி, ஆகுர்டி, சிஞ்ச்வட், வாகட் என்று நீங்கள் போய்க் கொடுக்கும் பகுதிகளை மட்டும் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம்.

யாரை முன்னால் காட்டுவது என்பதற்குக் கூகுள் சொல்லும் கணக்கு 3 விஷயங்கள்: கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்தவர். தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. பொருத்தத்தை மாற்றலாம். "கேட்டரிங்" என்று மொட்டையாகப் போடுவதைவிட, தமிழ் சமையல், வெங்காயம் பூண்டு இல்லாத சமையல், ச்ராத்த சமையல், சீமந்தம், பூணூல் என்று விவரமாக எழுத வேண்டும். கொழுக்கட்டை என்று நாம் எழுதுகிறோம். பக்கத்து ஃப்ளாட் மராட்டிக்காரர் உகடீசே மோதக் என்றுதான் தேடுவார். நிக்டியில் இருந்துகொண்டு தமிழில் மட்டும் எழுதினால் ஊரில் பெரும்பாலோருக்கு நாம் கண்ணில் படமாட்டோம். மராட்டி, ஹிந்தி, இங்கிலீஷ், தமிழ் நான்கிலும் இரண்டிரண்டு வரி போட்டு வையுங்கள். மராட்டியில் எழுத உங்கள் பேத்தியைக் கேட்டால் 5 நிமிஷத்தில் எழுதிக் கொடுப்பாள்.

இதில் ஒரு ஜாக்கிரதை. மேப்பில் இருக்கும் விவரத்தைத் திருத்தலாம் என்று யார் வேண்டுமானாலும் கூகுளுக்கு யோசனை சொல்ல முடியும். 2018இல் நம் மஹாராஷ்டிராவிலேயே பாங்க் ஆஃப் இந்தியா கிளைகளின் ஃபோன் நம்பரை மோசடிக்காரர்கள் கூகுள் மேப்பில் மாற்றி வைத்தார்கள். பாங்க் என்று நினைத்துப் பேசியவர்களிடம் கார்டு விவரங்களைக் கேட்டு வாங்கிப் பணத்தை எடுத்தார்கள். விஷயம் மாநில சைபர் போலீஸ் வரை போனது. பெரிய பாங்குக்கே இந்தக் கதி. ஆகவே உங்கள் பெயர் ஏற்கனவே மேப்பில் இருந்தாலும், அதை உரிமை கோரி உங்கள் கைக்குக் கொண்டுவர வேண்டும். மாதம் ஒரு முறை நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் பெயரை எடுத்துவிடுவோம்" என்று ஃபோன் வந்தால் தயங்காமல் வைத்துவிடுங்கள். அந்தச் சேவைக்குக் கட்டணமே கிடையாது.

அடுத்தது வாட்ஸ்அப். 2018இல் வாட்ஸ்அப் பிஸினஸ் என்று தனியாக ஒன்று வந்தது. இதுவும் இலவசம். இதில் கேட்டலாக் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு பண்டத்தின் போட்டோ, அளவு, விலை போட்டு வைக்கலாம். நீங்கள் ஸ்வாமி ரூமில் இருக்கும்போது யாராவது கேட்டால், "காலை 10 மணிக்கு மேல் பதில் தருகிறேன்" என்று அதுவே சொல்லிவிடும். சொந்தப் பேச்சுக்கு ஒரு நம்பர், தொழிலுக்கு ஒரு நம்பர் என்று பிரித்துக்கொண்டால் நிம்மதி.

விலையைப் போடுங்கள். "விலைக்கு மெஸேஜ் பண்ணவும்" என்று எழுதினால் பாதிப் பேர் கேட்கக் கூச்சப்பட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். 200 கிராம் அப்பளம் இவ்வளவு, 25 பேருக்குச் சமையல் இவ்வளவிலிருந்து என்று தெளிவாக இருந்தால், வருகிற ஃபோன் எண்ணிக்கை குறைந்தாலும் வருவதெல்லாம் வாங்குகிறவருடையதாக இருக்கும். போட்டோவை ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில், உங்கள் கையால் செய்ததையே எடுங்கள். இன்டர்நெட்டிலிருந்து எடுத்த பளபளப்பான ஜாங்கிரி படத்தைப் போட்டு வேறு ஜாங்கிரியைக் கொடுத்தால் அந்த வாடிக்கையாளர் இரண்டாம் தடவை வரமாட்டார்.

வாட்ஸ்அப்பில் ப்ராட்காஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பலாம். உங்கள் நம்பரைத் தங்கள் ஃபோனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போகும். இதைக் குறை என்று நினைக்காதீர்கள். உங்களை வேண்டுமென்று வைத்திருப்பவர்களுக்கே செய்தி போகிறது என்று அர்த்தம். கோகுலாஷ்டமிக்கு 10 நாள் முன்பு ஒரு செய்தி, தீபாவளிக்கு 3 வாரம் முன்பு ஒரு செய்தி போதும். தினமும் காலையில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் அனுப்பினால் ஒரு வாரத்தில் உங்களை வாயடைத்து வைத்துவிடுவார்கள். பிறகு பக்ஷணம் பற்றி எழுதினாலும் பார்க்க மாட்டார்கள்.

கேட்கப்படாமல் கத்துவதைவிட, நாலு பேருக்கு உபயோகமானதைக் கொடுத்து அதன் மூலம் பெயர் வாங்குவது மேல். இதற்கு நம் தமிழ்நாட்டு உதாரணமே பெரிதாக இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது, 1997இல் தமிழர்களுக்காக ஒரு வெப்சைட் ஆரம்பித்தார். தமிழ்க் காலண்டர், பண்டிகை நாட்களை நினைவுபடுத்துவது என்று அதில் பல பகுதிகள். அதில் ஒரு மூலையில் வரன் பகுதி. காலண்டர் பார்க்க வந்தவர்கள் வரன் பகுதியில் அதிக நேரம் இருப்பதை அவர் கவனித்தார். அதையே தனியாக வளர்த்து பாரத் மேட்ரிமோனி ஆக்கினார். அவருக்கே அந்த வெப்சைட் மூலம்தான் கல்யாணம் நடந்தது என்பது ஸ்வாரஸ்யம். 2017இல் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது.

நாம் எல்லோரும் கம்பெனி ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் செய்த 2 காரியங்களை நாமும் செய்யலாம். முதலில் உபயோகமானதைக் கொடுத்தார். பிறகு ஜனங்கள் எதற்காக வருகிறார்கள் என்று கவனித்தார். ஒரு சாஸ்திரிகள் ஒவ்வொரு மாதமும் அமாவாஸ்யை தர்ப்பண நாள், ஏகாதசி, புனே ஸூர்யோதய நேரம் இவற்றை ஒரு பக்கமாகப் போட்டு அனுப்பினால், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். வீட்டில் காரியம் வரும்போது அவரைத்தான் கூப்பிடுவார்கள். பாட்டு டீச்சர் ஒருவர் 2 நிமிஷத்துக்கு ஸரளி வரிசை எப்படிப் பயில்வது என்று வீடியோ போடலாம். அப்பளம் விற்பவர், அதை மழைக்காலத்தில் நமுத்துப் போகாமல் வைக்கும் வழியைச் சொல்லலாம். நிக்டி மழைக்கு அது எல்லோருக்கும் வேண்டியது.

திடீர்ப் புகழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "ஒரு வீடியோ வைரல் ஆனால் போதும்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். 2020 அக்டோபரில் டெல்லி மாளவியா நகரில் காந்தா ப்ரஸாத் என்ற முதியவர் வியாபாரம் இல்லாமல் அழுத வீடியோ நாடு முழுவதும் பரவியது. பாபா கா தாபா என்ற அவருடைய சின்னக் கடையில் மறுநாளே கூட்டம் அலைமோதியது. நன்கொடையும் குவிந்தது. அந்தப் பணம் பற்றித் தகராறு வந்து போலீஸ் புகார் வரை போயிற்று. டிசம்பரில் அவர் பெரிதாக ஒரு ரெஸ்டாரன்ட் திறந்தார். வாடகை, சம்பளம் கட்டுப்படியாகாமல் 2021 பிப்ரவரியிலேயே அதை மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்பினார். பார்க்க வந்த கூட்டம் வேறு, தினமும் சாப்பிட வருகிற வாடிக்கை வேறு. வீட்டில் நாளைக்கு 5 கிலோ முறுக்குதான் சுற்ற முடியும் என்றால், 50 கிலோவுக்கு ஆர்டர் வரும்படி விளம்பரம் செய்வது ஆபத்து. "இந்த வாரம் ஆர்டர் நிறைந்துவிட்டது, அடுத்த வாரம் தருகிறேன்" என்று சொல்வது நல்ல விளம்பரம்.

நிதானமாக வளர்ந்ததற்கும் நம் ராஜ்யத்திலேயே உதாரணம் உண்டு. 1959இல் மும்பை கிர்காவில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத். அப்போது இன்டர்நெட் ஏது? எந்தப் பொட்டலத்தை உடைத்தாலும் அதே ருசி என்ற பெயரை முதலில் சம்பாதித்துக்கொண்டார்கள். இன்டர்நெட்டில் விளம்பரம் செய்பவருக்கும் அந்தப் பெயர்தான் கைமுதல்.

அந்தப் பெயர் இன்று ரெவ்யூ என்ற உருவத்தில் வருகிறது. சாப்பிட்டவர்கள் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதுகிறார்கள். இதில் நம்மவர்கள் செய்யும் ஒரு காரியத்தை நாசூக்காகச் சொல்கிறேன். அத்தை, சித்தப்பா, மன்னி, மைத்துனர் என்று எல்லோரையும் கூப்பிட்டு 5 நட்சத்திரம் போடச் சொல்வது. ஒரே நாளில் 20 பேர் "ஸூப்பர்" என்று எழுதினால் படிக்கிறவருக்குத் தெரியாதா? கூகுளும் அவற்றை நீக்கிவிடலாம். 2022இல் நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பே, இன்டர்நெட் ரெவ்யூக்கள் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை வெளியிட்டது. உண்மையாகவே வாங்கிச் சாப்பிட்டவர்களிடம், "உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள்" என்று கேளுங்கள். வருஷத்துக்கு 15 நிஜமான ரெவ்யூ வந்தால் அமோகம்.

யாராவது குறை எழுதினால் கோபப்படாமல் 2 வரியில் பதில் எழுத வேண்டும். "அன்று வடையில் உப்பு கூடிவிட்டது. மன்னிக்கவும். அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன்." அவ்வளவுதான். அந்தப் பதிலை அவர் ஒருவர் படிப்பார். அடுத்து ஆர்டர் கொடுக்க நினைக்கும் 100 பேரும் படிப்பார்கள். சண்டை போடுகிறவரிடம் கல்யாணச் சமையலை ஒப்படைக்க யாருக்கும் தைரியம் வராது.

பணம் கொடுத்துச் செய்யும் விளம்பரத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செலவு, நிக்டியைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்து விளம்பரம் கொடுக்க முடியும். கூகுளில் பெரும்பாலும் யாராவது விளம்பரத்தைத் தொட்டால்தான் காசு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, 500 ரூபாய் செலவழித்து 50 பேர் தொட்டார்கள், அதில் 5 பேர் ஃபோன் பண்ணினார்கள், 2 பேர் ஆர்டர் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆர்டருக்கு 250 ரூபாய் விளம்பரச் செலவு. பக்ஷணப் பொட்டலத்தில் உங்களுக்கு நிற்பது 80 ரூபாய் என்றால் இது நஷ்டம். அதே 250 ரூபாய் ஒரு பூணூல் சமையலைக் கொண்டுவந்தால் லாபம். ஆகவே சிறு பண்டத்துக்கு வாய்வார்த்தையும் வாட்ஸ்அப்பும், பெரிய ஆர்டருக்கு வேண்டுமானால் காசு கொடுத்த விளம்பரம். "எங்கே பார்த்துக் கூப்பிட்டேள்?" என்று ஒவ்வொரு புது வாடிக்கையாளரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 3 மாதத்தில் எது பலிக்கிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

சட்ட விஷயம் 2 சொல்ல வேண்டும். உணவுப் பண்டம் விற்பவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு செய்துகொண்டு, அந்த நம்பரைப் பொட்டலத்தில் போட வேண்டும். வீட்டில் செய்வதுதானே என்று விட்டுவிடக் கூடாது. அந்த நம்பர் உங்கள் மேல் நம்பிக்கையையும் கொடுக்கும். இரண்டாவது, கஞ்சி மாவு, மூலிகைப் பொடி விற்பவர்கள் "சர்க்கரை வியாதி குணமாகும்" என்று எழுதவே கூடாது. 1954ஆம் வருஷத்துச் சட்டமே அந்த மாதிரி விளம்பரத்தைத் தடுக்கிறது. "பாட்டி காலத்துப் பக்குவம்" என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை.

பணம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. 2016இல் யு.பி.ஐ. வந்த பிறகு காசு வாங்குவது ஸுலபமாகிவிட்டது. மோசடியும் கூடவே வந்தது. "மாமி, 100 பேருக்கு ஆர்டர், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி உங்கள் பின் நம்பரைப் போடுங்கோ" என்று சொல்வார்கள். நமக்குப் பணம் வர வேண்டுமானால் பின் நம்பர் போடவே வேண்டாம். பின் கேட்டாலே பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற நம்பருக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவிலேயே நிறுத்தி வைக்க வழி உண்டு.

இனி சங்கங்களுக்கு வருகிறேன். நம் சங்கங்களின் விளம்பரம் ஏன் நிலைப்பதில்லை? ஆர்வமுள்ள ஒரு பிள்ளை வெப்சைட் ஆரம்பிப்பான். டொமைன் பெயரைத் தன் பெயரிலேயே, தன் கார்டிலேயே வாங்குவான். 2 வருஷத்தில் அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைக்கும். புதுப்பிக்கும் பணம் கட்டாமல் பெயர் காலாவதி ஆகும். பாஸ்வேர்ட் யாரிடமும் இல்லை. புதுக் கமிட்டி வேறு பெயரில் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பிள்ளையின் மேல் தப்பில்லை. பாங்க் லாக்கர் சாவியைக் கைமாற்றிக் கொடுப்பது போல இதைக் கைமாற்றிக் கொடுக்க நாம் ஏற்பாடு செய்யவில்லை. டொமைன் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். சங்கத்தின் பொது ஈ-மெயில் ஒன்றில் பதிவாக வேண்டும். காரியதரிசி, பொருளாளர் இருவரிடமும் பாஸ்வேர்ட் இருக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தோடு இதுவும் கைமாற வேண்டும்.

இன்னொன்று. அடுத்தவர் திண்ணையில் மட்டும் கடை போடாதீர்கள். 2000களில் நம்மவர் குழுக்கள் பல யாஹூ க்ரூப்ஸில் இருந்தன. 2020 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். 2014இல் ஆர்குட் மூடியது. கூகுள் பிஸினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த வெப்சைட்களையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் பண்ண வேண்டியதுதான். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் உபயோகிக்கலாம். ஆனால் உறுப்பினர் பட்டியலும் பழைய மலர்களும் போட்டோக்களும் சங்கத்தின் சொந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வரன் பட்டியல். பெண்ணின் பெயர், நக்ஷத்திரம், கோத்ரம், பிறந்த தேதி, சம்பளம், அப்பாவின் ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு பி.டி.எஃப். ஆக்கி, 10 வாட்ஸ்அப் குழுக்களில் விடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அது எங்கெங்கே போகிறது என்று யாருக்கும் கணக்கில்லை. கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அந்தப் பெண்ணின் நம்பருக்கு ஃபோன் வருகிறது. மோசடிக்காரருக்கும் அது அல்வா மாதிரி. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒருவருடைய விவரத்தை அவர் சம்மதத்தோடு, சொன்ன காரியத்துக்கு மட்டும் உபயோகிக்க வேண்டும் என்பது அதன் ஆதாரம். சட்டம் இருக்கட்டும், அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்பது நம் தர்மம். பட்டியலில் ஒரு எண்ணும் பொதுவான விவரமும் மட்டும் போட்டு, ஃபோன் நம்பரைச் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள் கேட்டால், அவர்கள் யாரென்று தெரிந்துகொண்டு கொடுக்கலாம். கல்யாணம் நிச்சயமானதும் பெயரை எடுத்துவிட வேண்டும்.

சங்க நிகழ்ச்சி அறிவிப்பிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். தேதி, கிழமை, நேரம், இடம், யாரைக் கேட்பது, இந்த 5 விஷயமும் எழுத்தில் இருக்க வேண்டும். படத்துக்குள் எழுதி அனுப்பினால் பார்க்க அழகாக இருக்கும். பிறகு தேடினால் கிடைக்காது, கண் மங்கியவர்களுக்குப் படிக்கவும் முடியாது. படத்தோடு அதே விவரத்தை எழுத்திலும் போடுங்கள். முடிந்துபோன நிகழ்ச்சியை வெப்சைட்டின் முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். 3 வருஷம் முந்தைய ராம நவமி அறிவிப்பைப் பார்க்கிற இளைஞன், சங்கமே இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இவ்வளவும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் பாதி மறந்துவிடும். ஆகவே அடுத்த 4 ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 முதல் 12 மணி வரை, காலேஜில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் இங்கே உட்காரட்டும். தொழில் செய்யும் மாமிகளும் மாமாக்களும் ஃபோனையும், விலைப் பட்டியலையும், செய்த பண்டத்தின் 3 போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு வரட்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். மேப்பில் பெயர், வாட்ஸ்அப் பிஸினஸ், நாலு பாஷையில் 2 வரி, இவ்வளவும் அங்கேயே முடித்துக் கொடுத்துவிடலாம். பிள்ளைகள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அக்கவுன்ட் மாமியின் பெயரில், மாமியின் ஃபோனில் இருக்க வேண்டும்; பாஸ்வேர்டை மாமியின் சமையல் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

கமிட்டி சம்மதித்தால் முதல் ஞாயிறு நானும் வருகிறேன்.